ஈக்வடார்ல பேர்டிங்: மொத தடவை போறவங்க மீட்டர் பாத்து பிளான் போடுங்க

ஈக்வடாருக்கு பறவை பாக்கப் போலாம்னு இருக்கவங்க மொதல்ல மேப்ப மூடி வச்சிட்டு ஒரு பேப்பர எடுங்க. மலைய குறுக்க வெட்டிப் பாத்தா எப்டி இருக்குமோ அப்டி ஒரு படம் வரைங்க. இடது பக்கம் பசிபிக் கடல், வலது பக்கம் அமேசான் காடு, நடுவுல ஆண்டிஸ் ஏறி இறங்குது. நாடே அவ்ளோதான். எந்தப் பறவை எங்க கிடைக்கும்ங்கறத முடிவு பண்றது அங்க ஊர் பேரு இல்ல, கடல் மட்டத்துல இருந்து எத்தன மீட்டர்ல நிக்கிறோம், மலைக்கு எந்தப் பக்கம் நிக்கிறோம், இந்த ரெண்டுதான். என்ன டிரஸ் எடுக்கணும், ராத்திரி தூக்கம் வருமா, நாலு படி ஏறினா மூச்சு வாங்குமா எல்லாமே அந்த மீட்டர் நம்பர்லயே இருக்கு. 1802ல அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் இதே நாட்டுல சிம்பராசோ மலைல ஏறிட்டு வந்து, எந்த உயரத்துல எந்தச் செடி வளருதுன்னு மலையோட வெட்டுப் படத்துக்குள்ளயே பேர் எழுதி வச்சாரு. செடிக்கு அவர் பண்ணத நாம பறவைக்குப் பண்ணிக்கலாம்.

நாடு தமிழ்நாட்டப் போல ரெண்டு மடங்குதான். ஆனா 1,600க்கு மேல பறவை இனம் இருக்கு, இந்தியா முழுசுக்கும் சேத்தே 1,300 சொச்சம்தான். ஹம்மிங்பேர்ட் மட்டும் 130 வகை கிட்ட, நம்ம பக்கம் அது ஒன்னு கூட கிடையாது. அதனால டூர் கம்பெனிங்க பிரோஷர்ல 400, 500ன்னு நம்பர் போட்டு மயக்குவாங்க, அத நம்பி புக் பண்ணாதீங்க, எந்த ராத்திரி எந்த உயரத்துல தூங்க வைக்கிறாங்கன்னு பாருங்க.

டூர் எப்டி தேர்ந்தெடுக்கறது

மொத தடவைக்கு வடக்கு ஈக்வடார் ரூட்டே போதும், தலைநகரம் கீட்டோவ நடுவுல வச்சு மேக்கால இறங்கி, திரும்ப ஏறி, கிழக்கால இறங்கி, அப்டியே அமேசான்ல முடியற ரூட்டு. பத்துல இருந்து பதிமூணு நாள் இருந்தா நிதானமா பாக்கலாம். கலாபகஸ் தீவ இதுல சேக்காதீங்க, ஆசை எல்லாருக்கும் இருக்கும்தான், ஆனா அது தனி காசு, தனி ட்ரிப், அங்க இனம் எண்ணிக்கையும் கம்மி. தெக்கு ஈக்வடார் ரொம்ப நல்லா இருக்கும், ஆனா கார்ல உக்காந்திருக்க நேரம் அதிகம், அது ரெண்டாவது தடவைக்கு.

கம்பெனிகிட்ட மெயில் போடும்போது கேக்க வேண்டியது: குரூப்ல அதிகபட்சம் எத்தன பேரு (எட்டு பேருக்கு மேல இருந்தா குறுகலான காட்டுப் பாதைல கடைசில நிக்கிறவருக்கு மாட்டினது முன்னாடி போறவரோட முதுகு மட்டும்தான்), கைடு உள்ளூர்க்காரரா, அந்த ரூட்டுல எவ்ளோ வருஷமா போறாரு, ஒரு லாட்ஜ்ல எத்தன ராத்திரி தங்குறோம், தனியா போறவங்களுக்கு தனி ரூம் எக்ஸ்ட்ரா எவ்ளோ, உள்நாட்டு ஃப்ளைட் விலைல சேந்திருக்கா. தினம் ஒரு லாட்ஜ் மாத்துற பிளானா இருந்தா நான் ஒதுக்கிடுவேன், பெட்டி கட்டறதுலயே பாதி காலை போயிரும், பறவை பாக்கற நேரமே அந்த காலைதான். பெரிய வெளிநாட்டு கம்பெனி பேர்ல புக் பண்ணாலும் கடைசில தரைல வேலை பாக்கறது உள்ளூர் கம்பெனிதான் பாதி கேஸ்ல, நேரா உள்ளூர்க்காரங்கள புடிச்சா செலவு குறையும், ஆனா குரூப் சேக்கற வேலை உங்களோடது.

இன்னொன்னு, போட்டோ டூர் வேற, பேர்டிங் டூர் வேற. போட்டோ டூர்ல ஒரே ஃபீடர் (பறவைக்கு சர்க்கரைத் தண்ணியோ பழமோ வைக்கற இடம்) முன்னாடி நாலு மணி நேரம் ஃப்ளாஷ் செட் பண்ணி உக்காருவாங்க, பேர்டிங் டூர்ல ஒரு பறவைக்கு அஞ்சு நிமிஷம் குடுத்தாலே பெருசு. கேமராவும் பைனாகுலரும் ரெண்டும் தூக்கறவங்க எதுல சேரப் போறோம்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டா குரூப்புக்குள்ள சண்டை வராது.

மாசம் பத்தி ஒரு வரி. மேக்கு சரிவு ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கொஞ்சம் காய்ஞ்சிருக்கும், அந்த நேரத்துலதான் கிழக்குச் சரிவு நல்லா நனையும், ரெண்டு பக்கமும் சேத்துப் போறவங்களுக்கு அக்டோபர் நவம்பர் சுமாரா ஒத்து வரும். மழையே இல்லாத மாசம்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு விட்ருங்க, அந்த மலைச் சரிவுக் காட்டுக்குப் பேரே கிளவுட் ஃபாரஸ்ட், மேகக் காடு.

பேப்பர் வேலை, ஊசி

இத ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிக்கணும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு 2019ல இருந்து ஈக்வடாருக்கு முன்கூட்டியே விசா வேணும், ரூல் மாறிக்கிட்டே இருக்கும் அதனால எம்பசி சைட்ட பாத்துட்டு டிக்கெட் போடுங்க. சென்னைல இருந்து நேரா ஃப்ளைட் கிடையாது, ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட் வழியாவோ இல்ல அமெரிக்கா வழியாவோதான். அமெரிக்கா வழியா போனா ஏர்போர்ட்ட விட்டு வெளிய வராட்டியும் அந்த நாட்டு விசா வேணும், ஐரோப்பால நாட்டுக்கு நாடு ரூல் வேற. சீப்பா கிடைச்சுதுன்னு டிக்கெட்ட போட்டுட்டு அப்புறம் ட்ரான்சிட் விசாவுக்கு அலையறது ரொம்ப சாதாரணமா நடக்குது.

மஞ்சள் காய்ச்சல் ஊசி. இத மறந்தா போறப்ப வர்ற பிரச்சனைய விட திரும்பி வர்றப்ப வர்ற பிரச்சனை பெருசு, ஏன்னா இந்தியால அந்த நோயப் பரப்புற கொசு இருக்கு, நோய் இல்ல, அதனால ஈக்வடார் மாதிரி நாட்டுல இருந்து சர்டிபிகேட் இல்லாம வந்து இறங்கினா 6 நாள் வரைக்கும் தனியா அடைச்சு வைக்க ரூல் இருக்கு. ஊசி போட்டு 10 நாள் ஆனாத்தான் சர்டிபிகேட் செல்லும், ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும். சென்னைக்காரங்களுக்கு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கு, முன்னாடியே கேட்டுட்டு பாஸ்போர்ட்டோட போங்க. 60 வயசு தாண்டினவங்களும் முட்டை அலர்ஜி உள்ளவங்களும் டாக்டர்கிட்ட பேசாம போட்டுக்காதீங்க. அமேசான் பக்கம் மலேரியா மாத்திரை வேணுமா, உயரத்துக்கு மாத்திரை வேணுமான்னு அதே டாக்டர்கிட்ட அதே நாள்ல கேட்டு முடிச்சிருங்க.

பேக்கு

பைனாகுலர் 8x42 எடுங்க (எட்டு மடங்கு பெருசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மிமீ). 10x42 வச்சிருக்கவங்க அதத்தான் எடுத்துட்டு வருவேன்னு அடம் புடிப்பாங்க, ஏரிக்கரைக்கு அது நல்லது, ஆனா இருட்டுக் காட்டுக்குள்ள ரெண்டு செகண்ட் தெரிஞ்சு மறையற பறவைக்கு அகலமா தெரியறதுதான் முக்கியம். ரெண்டு மீட்டர் கிட்டக்க வரைக்கும் ஃபோகஸ் ஆகணும், ஃபீடர்ல ஹம்மிங்பேர்ட் மூக்குக்கு முன்னாடியே வந்து நிக்கும். கண்டிப்பா வாட்டர்ப்ரூஃப். ஸ்கோப் (ஸ்டாண்டுல வைக்கற டெலஸ்கோப்) நீங்க தூக்க வேணாம், கைடுகிட்ட இருக்கும். ஜிப் பைல சிலிக்கா ஜெல் நெறைய போட்டு வச்சுக்கோங்க, ஈரத்துல லென்ஸுக்குள்ள ஃபங்கஸ் வந்தா கிளீன் பண்றது பெரிய செலவு.

டிரஸ் விஷயத்துல அந்த வெட்டுப் படத்தப் பாருங்க. 4,000 மீட்டர்ல காத்தோட சேந்து ஆலங்கட்டி மழை அடிக்கும், 300 மீட்டர்ல வேர்த்து ஊத்தும், ரெண்டும் ஒரே பெட்டில. தடிமனா ஒரு ஜாக்கெட் எடுக்கறத விட மெல்லிசா நாலு அடுக்கு நல்லது: சீக்கிரம் காயற டீ சர்ட், முழுக்கை சட்டை, ஃப்ளீஸ், மேல மழைக்கோட்டு. கம்பளிக் குல்லா, கையுறை ரெண்டும் கண்டிப்பா வேணும், நில நடுக்கோடுன்னு பேர கேட்டுட்டு இத விட்டுட்டு வர்றவங்கதான் பாராமோங்கற மலை மேல் புல்வெளில பல்லு தந்தி அடிக்க நிப்பாங்க. கலர் மங்கலா இருக்கட்டும், வெள்ளையும் பளிச் சிவப்பும் வேணாம். அமேசான் லாட்ஜ்ல முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் அவங்களே குடுப்பாங்க. நெத்தி டார்ச், பவர் பேங்க், தட்டை ரெண்டு பின் ப்ளக் அடாப்டர், கரண்ட் அங்க 110ல இருந்து 120 வோல்ட், அதனால சார்ஜர்ல அந்த நம்பர் போட்டிருக்கான்னு ஒரு தடவை பாருங்க. சன்ஸ்கிரீன் நம்ம ஊர விட அங்கதான் தேவைப்படும், அந்த உயரத்துல மேகமூட்டமா இருந்தாலே மூக்கு தோல் உரியும்.

போறதுக்கு முன்னாடி என்ன படிக்கணும்

1,600 பறவையும் படிக்க உக்காராதீங்க, மூணாவது நாளே வெறுத்துரும். மெர்லின் ஆப்ல ஈக்வடார் பேக் டவுன்லோட் பண்ணிக்கோங்க, கார்னெல் யூனிவர்சிட்டி லேபோடது, இலவசம், நெட் இல்லாமயும் ஓடும். குடும்பம் குடும்பமா பழகுங்க. டானஜர், ஆண்ட்பேர்ட், ஆண்ட்பிட்டா, ஓவன்பேர்ட், மேனகின், கொடிங்கா, இது எதுவுமே நம்ம நாட்டுல இல்லாத குடும்பம், கண்ணுக்குப் பழக்கமே இருக்காது. கைடு "ஆண்ட்பேர்ட்"னு கத்தினா தரைக்குப் பக்கமா புதர்ல தேடணும், "டானஜர்"னு கத்தினா மேல கிளைல தேடணும், அவ்ளோ தெரிஞ்சாலே போதும். அப்புறம் ஒரு முப்பது பறவை மட்டும், நீங்க கண்டிப்பா பாத்தே ஆகணும்னு நெனைக்கறத, குரலோட சேத்துப் படிங்க. முழு ட்ரிப்பும் அந்த முப்பதுதான் ஞாபகத்துல நிக்கும்.

பைனாகுலர கண்ணுக்கு கொண்டு வர்ற பழக்கத்த வீட்டு மொட்டை மாடிலயே பண்ணலாம், பறவைய விட்டு கண்ண எடுக்காம பைனாகுலர மட்டும் தூக்கணும், குனிஞ்சு அதப் பாத்துட்டு நிமிந்தா பறவை போயிருக்கும்.

ரூட்டு, மேல இருந்து கீழ

கீட்டோ 2,850 மீட்டர். ஏர்போர்ட் இப்ப டபபேலால, 2,400 மீட்டர்ல. 2013ல இருந்து அங்கதான். வந்து இறங்கின அன்னைக்கு ஏர்போர்ட் பக்கமே தங்குங்க, சிட்டிக்குள்ள போய் ட்ராஃபிக்ல மாட்டாதீங்க. தலைவலி லேசா வரும், தண்ணி நெறைய, சாப்பாடு கம்மி, சாராயம் வேணாம். ஹோட்டல் தோட்டத்துலயே ரூஃபஸ் காலர்ட் ஸ்பேரோ, கிரேட் த்ரஷ், ஸ்பார்க்ளிங் வயலட்இயர் வந்துரும், மொத ஹம்மிங்பேர்ட பாக்க எங்கயும் போக வேணாம்.

நெறைய டூர் மறுநாள் காலைலயே யானகோச்சாவுக்கு கூட்டிட்டுப் போவாங்க, பிச்சின்சா எரிமலைச் சரிவு, 3,500 மீட்டர். ஜோகோடோகோ ஃபவுண்டேஷன் வச்சிருக்க காடு. 1997ல தெக்குல ஜோகோடோகோ ஆண்ட்பிட்டான்னு ஒரு புதுப் பறவையவே கண்டுபுடிச்சு, அத காப்பாத்த மறு வருஷம் ஆரம்பிச்ச அமைப்பு. இடம் அருமை, கீட்டோ நகரத்தோட சின்னமான பிளாக் பிரெஸ்டெட் பஃப்லெக் ஹம்மிங்பேர்ட் இருக்கறதே வடமேக்கு ஈக்வடார்ல இந்த மலையும் இன்னும் கொஞ்சூண்டு இடமும்தான். ஆனா வந்து இறங்கி ஒரு ராத்திரி கூட சரியா தூங்காத உடம்ப 3,500க்கு ஏத்தறது எனக்குப் புடிக்காது. மேக்கால இறங்கிட்டு திரும்பி வர்ற வழில இத வைக்கச் சொல்லிக் கேளுங்க, பாதிப் பேரு மாத்திக் குடுப்பாங்க.

மேக்குச் சரிவுதான் மொத தடவை போறவங்களுக்கு சொர்க்கம். நோனோ வழியா பழைய ரோடு, அப்டியே தண்டயாப்பா பள்ளத்தாக்கு 2,000 மீட்டர் கிட்ட, அப்புறம் மிண்டோ 1,250, மில்பே 1,100, சிலான்சே 400, இப்டி படி படியா இறங்கும். ஒவ்வொரு 500 மீட்டருக்கும் பறவை லிஸ்ட் பாதி மாறிரும். மூணு நாலு ராத்திரி மிண்டோவுலயோ தண்டயாப்பாவுலயோ ஒரே இடத்துல தங்கி தினம் ஒரு உயரத்துக்குப் போய்ட்டு வர்றது நல்ல பிளான். காலைல விடியறதுக்கு முன்னாடி லாட்ஜ் விளக்குக்கு வந்த விட்டில் பூச்சிய பொறுக்கறதுக்கு பறவைங்க கூட்டமா வரும், காபி கப்போட அங்க போய் நின்னாலே பத்து இனம். அப்புறம் ஃபீடர்: வயலட் டெய்ல்ட் சில்ஃப் நீல வாலை இழுத்துக்கிட்டு வரும், பூட்டெட் ராக்கெட் டெய்ல் கால்ல வெள்ளைப் பஞ்சு மாட்டின மாதிரி வரும், வாழைப்பழம் வச்ச கிளைக்கு டூகன் பார்பெட். இதே ராக்கெட் டெய்ல மலைக்கு அந்தப் பக்கம் கிழக்குல பாத்தீங்கன்னா கால் பஞ்சு ஆரஞ்சு கலர்ல இருக்கும். காக் ஆஃப் த ராக்கும் அப்டித்தான், மேக்கால ரத்தச் சிவப்பு, கிழக்கால ஆரஞ்சு. நடுவுல நிக்கிற குளிர் மலைய தாண்ட முடியாம ரெண்டு பக்கமும் தனித்தனியா மாறிப் போனதுங்க. ரெண்டு பக்கமும் போகச் சொல்றதுக்கு காரணமே இதுதான்.

மில்பேல கிளப் விங்ட் மேனகின் தவறவிடாதீங்க. ஆண் பறவை ரெண்டு சிறகையும் முதுகுக்கு மேல தூக்கி அதிர வைக்கும், தடிச்ச ஒரு இறகு பக்கத்து இறகுல ஒரு செகண்டுக்கு நூறு தடவைக்கு மேல உரசி கம்பி அதிர்ற மாதிரி ஒரு நாதம் வரும். வாயால இல்ல, ரெக்கையால பாடுது.

இந்தப் பக்கம் ஒரு காலைய கண்டிப்பா ஆங்கெல் பாஸ் அண்ணனோட தோட்டத்துக்கு குடுங்க, பாஸ் டே லாஸ் ஆவேஸ்னு பேரு. அவரு விவசாயி, மரம் வெட்டியும் பொழச்சவரு. தன்னோட காட்டுல காக் ஆஃப் த ராக் கூடி ஆடற இடம் இருக்கறது தெரிஞ்சு, ஆளுங்கள கூட்டிட்டுப் போக பாதை வெட்டிக்கிட்டு இருந்தப்ப, கிளறின மண்ணுல வந்த புழுவ ஜயண்ட் ஆண்ட்பிட்டா ஒன்னு வந்து திங்கறதப் பாத்திருக்காரு. உலகத்துல பேர்டர்ஸ் வருஷக்கணக்கா தேடியும் குரல மட்டும் கேட்டுட்டுத் திரும்பற பறவை அது. தினம் புழு வச்சு, பேர் வச்சு, கூப்ட கூப்ட வர்ற அளவுக்குப் பழக்கிட்டாரு. மரியா, மரியா, வெங்கா வெங்கான்னு அவர் கூப்புட்டா புதருக்குள்ள இருந்து ஒரு குண்டுப் பறவை தத்தித் தத்தி வந்து நிக்கும். இப்ப வேற வேற ஆண்ட்பிட்டாவுக்கும் இதே மாதிரி பழக்கம், ஈக்வடார், கொலம்பியான்னு பல இடத்துல இவரப் பாத்து மத்தவங்களும் ஆரம்பிச்சுட்டாங்க. காட்டுப் பறவைக்கு தீனி போடலாமான்னு சிலர் மூஞ்ச சுளிப்பாங்க, எனக்கு அந்த வாதம் புரியுது, ஆனா வெட்டி வித்திருக்க வேண்டிய காடு இன்னைக்கு நிக்கறதே அந்தப் புழுவாலதான், நான் டிக்கெட் வாங்கற பக்கம். காலைல 4 மணிக்கு கிளம்பணும், பாதை செங்குத்து, சேறு வழுக்கும், கைத்தடி எடுங்க. முடிச்சிட்டு வந்தா பச்சை வாழைக்காய மசிச்சு உருட்டின போலோன் சூடா குடுப்பாங்க.

இப்ப உடம்பு பழகியிருக்கும், மேல ஏறலாம். ஆண்டிசானா, 4,000 மீட்டர் கிட்ட புல்வெளி, அதுக்குப் பேரு பாராமோ, பின்னாடி 5,700 மீட்டருக்கு எரிமலை. ஹம்போல்ட் தங்கின குடிசை இன்னும் இங்க இருக்கு. காண்டோர் இந்த நாட்டு அரசு முத்திரையில இருக்க பறவை, ஆனா நாடு முழுக்க சுமார் 150தான் மிச்சம்னு கணக்கு, அத பாக்க நல்ல சான்ஸ் இங்கதான், ரெக்கை விரிச்சா மூணு மீட்டர். ரோட்டோரமே கரங்குலேட்டட் கரகரா நடந்து போகும், லா மிகா ஏரில சில்வரி கிரீப் மிதக்கும். ஆரஞ்சுப் பூ பூக்குற சுகிராகுவா புதர் பக்கத்துல அஞ்சு நிமிஷம் சும்மா நில்லுங்க, ஈக்வடோரியன் ஹில்ஸ்டார் வரும், ஊதாத் தலை. ராத்திரி குளிர தாங்கறதுக்கு உடம்புச் சூட்டையே இறக்கிட்டு மரக்கட்டை மாதிரி தூங்கி காலைல வெயில் பட்டதும் எந்திரிக்கற ஜீவன். அதே வட்டாரத்துல ஜயண்ட் ஹம்மிங்பேர்டும் இருக்கு, உலகத்துலயே பெரிய ஹம்மிங்பேர்ட், ஆனா மெதுவா ரெக்கை அடிக்கும். இங்க ஓடாதீங்க, வேகமா திரும்பாதீங்க, பேசிக்கிட்டே மேடு ஏறாதீங்க. தலைவலியோட வாந்தி, தடுமாற்றம் வந்தா கைடுகிட்ட உடனே சொல்லணும், ஒரே மருந்து கீழ இறங்கறதுதான்.

பப்பயாக்தா கணவாய் அதுக்கும் மேல, ஆண்டெனா கம்பம் நிக்கற இடம் 4,300 மீட்டர் தாண்டும். ரூஃபஸ் பெல்லிட் சீட்ஸ்நைப்னு கல்லோட கல்லா உக்காந்திருக்க ஒரு பறவைக்காக எல்லாரும் அங்க ஏறுவாங்க. பனிமூட்டம் இருந்தா ஒன்னும் தெரியாது, அரை மணி நேரம் பாத்துட்டு இறங்கிருங்க, அதுக்கு மேல அங்க நிக்கறது வீராப்புதான். ராத்திரி 2,700ல குவாங்கோ லாட்ஜ். இங்கதான் ஸ்வார்ட் பில்ட் ஹம்மிங்பேர்ட், அலகு மட்டும் கிட்டத்தட்ட 10 செமீ, வால விட்டுட்டுப் பாத்தா உடம்ப விட நீளம், அந்த அலகால தன் இறகையே கோத முடியாம கால வச்சு சொறிஞ்சுக்கும். கீழ ஆத்துல பாறைக்கு பாறை டோரண்ட் டக் தாவும்.

சான் இசிட்ரோ 2,000 மீட்டர், ரெண்டு ராத்திரி. ராத்திரி சாப்பிட்டு வெளிய வந்தா லாட்ஜ் விளக்குப் பக்கத்துலயே ஒரு ஆந்தை வரும், எந்த இனத்துல சேக்கறதுன்னு ரொம்ப காலமா விவாதம் நடந்த ஆந்தை, அந்த லாட்ஜ் பேரையே அதுக்கு வச்சிட்டாங்க. நேரம் இருந்தா சுமாகோ எரிமலை அடிவாரம் 1,400 மீட்டரையும் சேத்துக்கோங்க.

கடைசியா அமேசான். கீட்டோல இருந்து கோகா ஊருக்கு அரை மணி சொச்சம் ஃப்ளைட்டு, இல்ல கிழக்கால இறங்கினவங்க அப்டியே ரோட்லயே போலாம். கோகாவோட முழுப் பேரு புவெர்தோ ஃபிரான்சிஸ்கோ டே ஓரெயானா, 1541ல இந்தப் பக்கம் ஆத்தோட போய் மறு வருஷம் அட்லாண்டிக்ல வெளிய வந்த ஸ்பானிஷ்காரன் பேரு. அங்க இருந்து நாப்போ ஆத்துல மோட்டார் படகு, ரெண்டு மூணு மணி நேரம், அப்புறம் துடுப்புப் படகுல சின்ன ஓடைக்குள்ள. நாலு ராத்திரி குடுங்க, மூணு பத்தாது. லாட்ஜ் விஷயத்துல என் ஓட்டு நாப்போ வைல்ட்லைஃப் சென்டருக்கு, யாசுனி தேசியப் பூங்காவுக்குள்ள ஆன்யாங்கு கிச்வா பழங்குடி சமூகமே நடத்தறது. படகு ஓட்டறவரும் கைடும் அந்த ஊர்க்காரங்க. யாசுனிக்கு அடில எண்ணெய் இருக்கு, 2023 ஆகஸ்ட்ல நாடு முழுக்க ஓட்டெடுப்பு நடத்தி ஒரு பிளாக்ல எண்ணெய் எடுக்கறத நிறுத்தச் சொல்லி 59 சதவீதம் பேரு ஓட்டுப் போட்டாங்க, ஆனா ஆத்துல போறப்ப எண்ணெய் கம்பெனி படகு எதிர்ல வந்துக்கிட்டேதான் இருக்கும்.

இங்க காடு உயரம், தரைல நின்னா கழுத்துதான் வலிக்கும், அதனால இலவ மரத்த ஒட்டி டவர் கட்டியிருக்காங்க. போடி பக்கம் மெத்தைக்கு பஞ்சு எடுக்கறோமே அதே இலவம், அதோட சொந்த ஊரு இந்தப் பக்கம்தான், இங்க அது காட்டுக்கு மேல தலை நீட்டி நிக்கும். விடியறப்ப மேல இருந்தா கொடிங்கா, டூகன், மக்காவ் எல்லாம் கண் மட்டத்துல. ஏரி ஓரத்துல ஹோட்ஸின், மாடு மாதிரி இலையத் தின்னு தொண்டைக்கு கீழ இருக்க பைல புளிக்க வச்சு செரிக்கற ஒரே பறவை. குஞ்சுக்கு ரெக்கைல நகம் உண்டு, பயந்தா தண்ணில குதிச்சு நீந்தி வந்து அந்த நகத்தால மரம் ஏறிரும். கிளிங்க கூட்டமா மண்ணு திங்க வர்ற கரை ஒன்னு இருக்கு, உப்புச் சத்துக்காகன்னு சொல்றாங்க. மழை பெஞ்சா வராதுங்க, அதனாலதான் நாலு ராத்திரி.

ஒரு நாள் எப்டி போகும்

நில நடுக்கோட்டுல வருஷம் பூரா 6 மணி சுமாருக்கு விடியும், 6 சொச்சத்துக்கு இருட்டும். 5 மணிக்கு டிபன், விடியறப்ப காட்டுல, மதியம் 12ல இருந்து 2 வரைக்கும் பறவையும் தூங்கும் நீங்களும் தூங்குங்க, திரும்ப சாயங்காலம். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாரும் உக்காந்து அன்னைக்குப் பாத்தத லிஸ்ட் போடுவாங்க, தூக்கம் வந்தாலும் அதுல உக்காருங்க, காலைல குழம்பினது அப்பத்தான் தெளியும்.

பல இனம் ஒன்னா சேந்து இரை தேடற கலப்புக் கூட்டம் ஒன்னு வந்து மாட்டும்போதுதான் புதுசா வந்தவங்க தடுமாறுவாங்க. ரெண்டு நிமிஷத்துல இருபது இனம் தலைக்கு மேல போகும், கைடு பேர் பேரா கத்துவாரு, எல்லாத்தையும் பாக்கணும்னு சுத்தினா ஒன்னும் பாக்க மாட்டீங்க. ஒரு பறவைய புடிங்க, அத முழுசா பாருங்க, அப்புறம் அடுத்தது. இடம் சொல்றப்ப "அங்க, அதோ"ன்னு சொன்னா யாருக்கும் புரியாது, மரத்த கடிகாரமா வச்சு ரெண்டு மணி பக்கம், தண்டுல இருந்து பாதி தூரம்னு சொல்லப் பழகுங்க. விரல வேகமா நீட்டாதீங்க. ஒத்தையடிப் பாதைல முன்னாடி நிக்கற இடத்த தினம் மாத்திக்கணும், அது மரியாதை. கைடு ஸ்பீக்கர்ல குரல் போட்டு பறவைய கூப்புடுவாரு, வரலைன்னா இன்னொரு தடவை போடுங்கன்னு நச்சரிக்காதீங்க, அந்தப் பறவைக்கு அது எதிரி வந்து நிக்கற சத்தம். ஆப்ப ஆன் பண்ணி நீங்களே குரல் போடறது ரொம்பத் தப்பு.

சாப்பாடு, காசு, பாதுகாப்பு

சைவம் சாப்பிடறவங்க பொழச்சுக்கலாம். லோக்ரோன்னு உருளைக்கிழங்கு சூப்புல சீஸும் அவகாடோவும் போட்டு வரும், மெனெஸ்ட்ரான்னு பருப்பு, சோறு எல்லா இடத்துலயும். ஆனா "சின் கார்னே"ன்னு மட்டும் சொன்னா மாட்டுக்கறி வேணாம்னு எடுத்துக்கிட்டு கோழி கொண்டு வந்துருவாங்க, சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோன்னு மூணையும் சொல்லுங்க, சூப்ப கோழித் தண்ணில வச்சிருக்காங்களான்னும் கேளுங்க. ஆஹின்னு மிளகாச் சட்னி மேஜைல இருக்கும், அதுவும் கொஞ்சம் பருப்புப் பொடியும் இருந்தா கவலை இல்ல.

2000ல இருந்து அமெரிக்க டாலர்தான் அங்க பணம். 50, 100 நோட்ட சின்னக் கடைல வாங்க மாட்டாங்க, 5, 10, 20ஆ எடுத்துட்டுப் போங்க. கைடுக்கும் டிரைவருக்கும் கடைசி நாள் டிப்ஸ் உண்டு, எவ்ளோன்னு கம்பெனியே வழக்கம் சொல்லும், கவர்ல போட்டு தனித்தனியா குடுங்க, டிரைவர மறந்துறாதீங்க, பாதி பறவைய ஸ்டியரிங் புடிச்சுக்கிட்டே அவர்தான் காட்டியிருப்பாரு.

பாதுகாப்பு பத்தி மூடி மறைக்க ஒன்னும் இல்ல. 2024 ஜனவரில போதை கும்பலுங்களுக்கு எதிரா நாட்டுக்குள்ள ஆயுதச் சண்டைன்னே அரசாங்கம் அறிவிச்சுது. பிரச்சனை அதிகம் குவாயாகில், எஸ்மெரால்டாஸ் மாதிரி கடலோர ஊர் பக்கம், மேல சொன்ன மலை ரூட்டு அதுல இருந்து தள்ளி. ஆனா புக் பண்றதுக்கு முன்னாடியும் கிளம்பறதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை நிலவரம் பாருங்க, கீட்டோல ராத்திரி தெருவுல சுத்தாதீங்க. 2022 ஜூன்ல நடந்த மாதிரி போராட்டத்துல ரோட்ட மறிச்சா நாள் கணக்கா நகர முடியாது, கிழக்கு ரோட்ல மண் சரிவும் சகஜம், அதனால வெளிநாட்டு ஃப்ளைட்டுக்கு முந்தின ராத்திரி கண்டிப்பா கீட்டோ பக்கம் தூங்கற மாதிரி பிளான் இருக்கணும், இன்சூரன்ஸ்ல உயரமும் ஹெலிகாப்டரும் சேந்திருக்கணும். மஞ்சள் காய்ச்சல் அட்டைய பெட்டில போட்டு செக்கின் பண்ணிறாதீங்க, பாஸ்போர்ட்டோடயே கைப்பைல இருக்கட்டும், சென்னைல இறங்கினதும் இமிக்ரேஷனுக்கு முன்னாடியே ஹெல்த் கவுன்டர்ல அதக் கேப்பாங்க.